ஆளில்லாத கடல்

என் சித்தியைத் தெருவே 'சேறு' என்றுதான் கூப்பிடும். கல்யாணத்தன்றுகூட நகத்தில் சேற்றோடுதான் வந்து உட்கார்ந்தாளாம். நீர் வற்றும் நேரம் பார்த்து ஆழமில்லாத கடலில் இறங்கி, காலால் துழாவிச் சிப்பி எடுப்பது அவள் தொழில். ஆளுக்கொரு பாத்தி, எல்லைக்குக் கழி நட்டிருக்கும். சிப்பி முட்டையிடும் இரண்டு மாதம் மட்டும் எல்லோரும் கழிகளைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிடுவார்கள். ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. சட்டமெல்லாம் இல்லை, அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

அந்த நேரம் பார்த்து வந்து படம் எடுத்திருக்கிறார்கள், பாவிகள்.

நகரத்துக்கு இடம் போதவில்லையாம். கடலில் மண் கொட்டி மூன்று தீவுகள், அதன்மேல் அடுக்குமாடி வீடுகள். கருத்துக் கேட்கிறோம் என்று அதிகாரிகள் எங்களைக் கூட்டினார்கள். ஏசி மண்டபத்தின் திரையில் எங்கள் கடல். கழி இல்லை, படகு இல்லை, ஆள் இல்லை. 'பயன்பாட்டில் இல்லாத பகுதி' என்று கீழே எழுதியிருந்தது.

சித்தி எழுந்து விஷயத்தைச் சொன்னாள். அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னார்: நாளைக்கே இறங்கி அள்ளட்டும், படம் எடுத்துச் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் முதல் தீவு அங்கேதான்.

"ஒரு நாள்தானே அண்ணி, அள்ளிக் காட்டிட்டு வந்துடலாம்" என்று சித்தியின் நாத்தனார் காதைக் கடித்தாள். அவளுக்குப் பக்கத்துப் பாத்தி.

சித்தி அவள் பக்கம் திரும்பவே இல்லை. "இப்ப கால் வெச்சா அடுத்த வருஷம் அங்க ஒண்ணும் இருக்காது சார். இருக்குன்னு காட்டறதுக்கு நானே அழிக்கணுமா?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்! வீடு வரும்வரை நாத்தனார் வாய் ஓயவில்லை. வீம்பு பிடித்தவளாம், குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்க்கிறாளாம்.

மண் ஏற்றிய பார்ஜ், அந்தத் தட்டைக் கப்பல், வந்த காலையில், சித்தி பாத்திக்கு வெளியே படகைக் குறுக்கே நிறுத்தி நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒற்றைப் படகு. பார்ஜ் சங்கு ஊதியது, மறுபடியும் ஊதியது. அவள் அசையவில்லை. கரையில் நின்ற எனக்கு அழுகையா ஆத்திரமா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் கரையிலிருந்து நாத்தனாரின் படகு கிளம்பிச் சித்தியை நோக்கிப் போனது. முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. அவள் கத்தியது கரைவரை கேட்டது.

"படகைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க அண்ணி. பின்னாடி எல்லாரும் வராங்க."