தளம் போட வேண்டிய நாள்

கன்னிவாடி போகும் சாலையில், முன்பு பூந்தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். எந்த வேலை எந்த நாளில், எத்தனை ஆட்களோடு என்று திட்டம் போடுவது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் போட்ட அட்டவணை ஆபீஸுக்குப் போய்விடும். சைட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்காகத் தகர ஷெட்டுக்குள் ஒரு பிளைவுட் பலகைக்குக் கறுப்பு அடித்து, மூன்று வாரத்துக்குக் கட்டம் போட்டு, சாக்பீஸால் எழுதி வைப்பேன்.

ஆடி மாதம். காற்று நாள் முழுக்கத் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை ஷெட்டைத் திறந்தேன். அடுத்த வார வியாழக்கிழமைக் கட்டத்தில் 'தளம் கான்கிரீட்' என்று எழுதியிருந்தேன்; மண்டபத்தின் கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள். அதற்குக் கீழே செங்கல் துண்டால், சிவப்பாக, யாரோ எழுதியிருந்தார்கள்: வேலை இல்லை.

யாருக்கோ அன்றைக்கு லீவு வேண்டும்போல என்று நினைத்து அழித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையிலும் அதே இடத்தில் அதே இரண்டு சொற்கள். இந்தத் தடவை கிட்டப் போய்ப் பார்த்தேன். 'லை' என்ற எழுத்து, தலைக்கு மேல் தும்பிக்கை மாதிரி வளைத்து எழுதுவார்களே, அந்தப் பழைய வடிவத்தில் இருந்தது.

ஷெட்டின் இன்னொரு சாவி மேஸ்திரியிடம் இருந்தது. அய்யலூர்க்காரர், முப்பது வருஷமாகக் கட்டட வேலை.

"மேஸ்திரிண்ணே, இது நீங்க எழுதுனதா?"

"நான் எதுக்கு மேடம் எழுதுறேன்? தளம் முடிஞ்சாத்தான் நான் அடுத்த சைட்டுக்குப் போக முடியும்."

சொல்லிக்கொண்டே பலகையை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

அன்று டீ நேரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் கூசுகிறது. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, அந்த இரண்டு சொற்களை எழுதச் சொன்னேன். பதினாலு பேரில் ஆறு பேர் சாக்பீஸைத் தொடவே இல்லை. கலவை சுமக்கிற அக்கா ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, "எழுதத் தெரிஞ்சா நான் எதுக்கு மேடம் சட்டி தூக்குறேன்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எழுதியவர்களில் ஒருவருக்கும் அந்த 'லை' வரவில்லை.

சாயங்காலம் பலகையைத் துடைத்து, கான்கிரீட்டை வியாழனிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினேன். கம்பி கட்டும் வேலை பாக்கி என்று ஆபீஸுக்குச் சொன்னேன். உண்மையில், என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் மாற்றினேன். மேஸ்திரியின் சாவியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, என் கையாலேயே பூட்டினேன்.

புதன்கிழமை காலை பூட்டு நான் விட்டபடியே இருந்தது. உள்ளே வியாழக்கிழமைக் கட்டம் சுத்தமாக இருந்தது. சனிக்கிழமைக் கட்டத்தில் சிவப்பு எழுத்து.

அது அந்தக் கிழமையை வேண்டாம் என்று சொல்லவில்லை. தளத்தை வேண்டாம் என்கிறது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவர் வெளியே போய் ஒரு கடப்பாரையை எடுத்து வந்தார். பிறகு, "வாங்க தாயி. முட்டெல்லாம் ஒரு தடவை பாத்துருவோம்" என்றார். அதுவரை அவர் என்னை மேடம் என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்.

தளத்துக்காக அடித்திருந்த சென்ட்ரிங் பலகைகளுக்கு அடியில் குனிந்து போனோம். அவற்றைத் தாங்கி நின்ற ஒவ்வொரு முட்டுக் கம்புக்குப் பக்கத்திலும் தரையைக் கடப்பாரையால் குத்திக்கொண்டே வந்தார். வடகிழக்கு மூலையில் சத்தம் மாறியது. இன்னொரு குத்து குத்தினார். அடியிலிருந்து யாரோ பிடுங்கியதுபோல் கடப்பாரை அவர் கையை விட்டு நழுவி மண்ணுக்குள் போய்விட்டது. பிறகு, எங்கோ ஆழத்தில், தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"ஏ ஆத்தா!" மேஸ்திரி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

கூச்சல் கேட்டு, பக்கத்துத் தோட்டத்தில் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்த அம்மா வேலியோரம் வந்தார்.

"கெணறுதான? பனந்தடியப் போட்டு மேல மண்ணள்ளி மூடுனாக. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

அந்த மக்கிய தடிகளின் மேல்தான் எங்கள் நாலு முட்டுகள் நின்றுகொண்டிருந்தன. சனிக்கிழமை அவற்றின் தலையில் ஈரக் கான்கிரீட்டின் முழுப் பாரமும், அதைப் பரப்புகிற ஆட்களின் எடையும் ஏறியிருக்கும்.

"நீங்க எங்க ஷெட்டுக்கு வந்திருக்கீங்களாம்மா?"

"நான் எதுக்கு அங்க வாரேன்? பூ மார்க்கெட்டுக்கு நேரமாச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சென்ட்ரிங்கைப் பிரித்து, கிணற்றைத் திறந்து, கல்லும் மணலும் போட்டு இறுக்கி, தளம் போட்டு முடித்தபோது மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். 'ஆய்வின்போது பழைய கிணறு கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதினேன். எதனால் ஆய்வு செய்தோம் என்று எழுதவில்லை.

மேஸ்திரி அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்றபடி, "இன்னைக்கு என்ன வேலைன்னு அங்கேருந்தே வாசிச்சுருங்க தாயி" என்பார். நான் வாசிப்பேன்.

ஆனால் அவர் வருவதற்கு முன்னால் நான்தானே தனியாகத் திறக்க வேண்டும்? மண்டபத்தை ஒப்படைத்த நாள் வரை தினமும் காலையில், என்னிடம் மட்டுமே சாவி இருந்த அந்தக் கதவை இரண்டு தட்டு தட்டி, செத்த நேரம் நின்று, அதற்குப் பிறகுதான் திறந்தேன்.