அம்மா துலக்கிய அலுமினியப் பானை

"நாலு எழுத்து படிச்சிட்டா பானைக்கும் ஆயுசு குறிச்சிருவியாக்கும்?"

போன மாதம் அத்தை என்னைக் கேட்டது இது. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் ஓராண்டு நினைவு மலருக்கு அவருடைய நற்குணங்களை எழுதும்படி அப்பா சொன்னார். எங்கே தொடங்கினாலும் அந்தப் பானையில்தான் வந்து நிற்கிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிவிட்டார்கள். மணமாகி ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது கொண்டுவந்த சீர் ஒரு பித்தளைப் பானை. இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டில் நான் நடைபழகும் குழந்தை. தங்கை வயிற்றில் இருந்தாள். அதன்பின் வந்த சட்டத்தால் தோட்டத்துத் தமிழர்கள் நாங்கள் குடியுரிமை இல்லாதவர்கள் ஆனோம். வேலை குறைந்த மாதங்களில் வெறும் ரொட்டியும் பாலில்லாத சாயத் தண்ணீரும்தான். அப்போதும் அம்மா அந்தப் பானையை விற்கவில்லை. ஹட்டன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்த வாரத்தில்தான் விற்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைத் தலைநிமிர்ந்தே சொல்வேன். அம்மாவும் அப்படித்தான் சொல்லித் திரிந்தார்.

பித்தளைக்குப் பதிலாக ஹட்டன் கடைவீதியில் மலிவான அலுமினியப் பானை ஒன்றை வாங்கினோம். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அன்றே சொன்னார்.

"தங்கச்சி, இது மெல்லிசுத் தகடு. மணல் போட்டுத் தேய்க்க வாணாம். பதமாப் பொழங்கினா மூணு நாலு வருசம் வரும்."

"மணல் போடாம மின்னுமா நானா? பீலியில நாலு பேரு என் ஏனத்தப் பாக்குறாங்கல்ல!"

"அப்ப மின்னட்டும். தேஞ்சா நம்ம கடைக்குத்தானே வருவீங்க!"

இருவரும் சிரித்தார்கள்.

பீலியில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் ஒருவர் ஏனத்தை ஒருவர் பார்ப்பார்கள். யார் பானை மின்னுகிறதோ அவர் வீடு சுத்தமான வீடு. பித்தளைக்குப் போட்ட புளியையும் மணலையும் அம்மா அலுமினியத்துக்கும் போட்டார். அதில் முகம் பார்க்கலாம். தேய்ந்துகொண்டே போகும் தகடு என்பதால்தான் அது அப்படி மின்னியது. நானா சொன்னதற்கு இரண்டு மடங்கு காலம் அந்தப் பானையில் உலை வைத்தோம்.

சென்ற ஆண்டு ஒரு மத்தியானம், கஞ்சி வடிக்க அம்மா பானையைத் தூக்கினார். ஒரு பக்கத்துக் காது, ஆணியோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கொதிக்கிற சோறும் கஞ்சியும் வயிற்றிலும் கால்களிலும் கொட்டின.

ஆஸ்பத்திரியில் கட்டுகளோடு கிடந்தவர் கேட்டார்:

"பானை தப்பிச்சிருச்சா பாப்பா?"

"காது மட்டுந்தான் போச்சும்மா."

"அப்ப வேற காது வச்சிக்கலாம். தங்கச்சிக்கு ஆவும்."

அதற்குப் பிறகு அவர் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. சில நாட்களில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லை வைத்து அப்பா பானைக்குப் புதுக் காது போட்டார். பொகவந்தலாவையில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு இந்த நினைவு நாளில் அதைக் கொடுப்பதாக முடிவாயிற்று.

"செத்தவங்க பொழங்குன ஏனம் பொண்ணுக்குத்தான் போவணும். அண்ணியே வாய்விட்டுச் சொன்னது" என்றார் அத்தை.

"அது ஒழச்சு முடிஞ்சிருச்சுங்க அத்தை" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வியும் சிரிப்பும். பானையைக் கவிழ்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அப்பாவை உள்ளே பார்க்கச் சொன்னேன். அடியில் ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. "பளபளன்னுதானேம்மா இருக்கு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபின் பானையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

தங்கையின் குழந்தை இப்போது தவழ்கிறது. அடுப்பு இருக்கும் இடத்துக்குத்தான் தவழ்கிறது. எத்தனை முறை சொல்லியும் யாரும் கேட்கவில்லையே! உங்கள் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: உங்கள் பானைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காது ஆடினால் கொதிக்கும்போது தூக்காதீர்கள்.

அம்மாவைக் கம்பளியில் கிடத்தி ரோட்டுவரை தூக்கிச் சென்ற லயத்து அண்ணன்மாருக்கும், லொறியை நிறுத்தி ஏற்றிக்கொண்ட டிரைவருக்கும், தமிழ் தெரியாமலே அம்மாவின் கையை விடாதிருந்த சிங்கள நர்ஸ் அக்காவுக்கும், துக்கம் கேட்க மலையேறி வந்து வாசலில் நின்று அழுத நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தங்கைக்கு அந்தப் பானையைக் கொடுப்போம். அம்மாவின் நினைவாக அவள் வைத்துக்கொள்ளட்டும். இனி அதில் உலை வைக்க முடியாது. இன்று காலை அப்பா வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் பானையை வாசல் கல்லில் கவிழ்த்து, ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். முதல் அடியிலேயே ஆணி உள்ளே இறங்கிவிட்டது.