கேலி முறைக்காரன் புகழ்ந்த நாள்

கோரலீயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே குலம். அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் அப்சாலோகே மக்களிடம் அப்படிப்பட்ட இருவர் கேலி முறை. கடையிலோ கூட்டத்திலோ யார் முன்னாலும் ஒருவரையொருவர் வாரிவிடலாம். எவ்வளவு சுட்டாலும் கோபப்படக்கூடாது. புகழ்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அப்பாவின் குலத்துப் பெரியவர்கள்தான் ஊரறியப் புகழ்வார்கள்; புகழப்பட்டவர் அவர்களுக்குப் பரிசு கொடுப்பார். எனக்கு அந்த வரிசையில் இடமில்லை.

எங்கள் ஊர் லாட்ஜ் கிராஸில் எந்தக் குதிரைப் பந்தயம் நடந்தாலும் மைக்கைப் பிடிப்பது எல்டன், அதாவது நான். முப்பது வருடமாக இந்த வாய் ஓய்ந்ததில்லை. நான் மைக் பிடித்த முதல் வருடமே கோரலீ பந்தயத்தில் ஓடினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கடைசி வளைவில் குதிரை இடறியது, அவள் முகம் மண்ணில் பட விழுந்தாள். ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பாருங்கப்பா, மூக்காலயே உழுதுட்டா! வெதைய யாராச்சும் எடுத்துட்டு வாங்க!" என்றேன்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. 'மூக்கால் உழுதவள்' என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கோரலீயும் சிரித்தாள், முறைப்படி. ஆனால் அதன்பிறகு இருபத்தேழு வருடம் அவள் குதிரை ஏறவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இரண்டு மகன்களை வளர்த்தாள். பில்லிங்ஸ் நகரத்துக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். அதற்கும் அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அவள் ஏறாததற்கு நான்தான் காரணமா என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டபோதெல்லாம் பேச்சை மாற்றிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஆகஸ்ட் திருவிழா ஊர்வலம். எங்கள் பெண்கள் மான்பல் கோத்த உடையில், கழுத்து முதல் வால்வரை மணிவேலை மின்னும் குதிரைகளில் வந்தார்கள். பார்க்க அழகுதான். பாதிக் குதிரைகள் இரவல். எங்கோ ஒரு கார் டயர் வெடித்ததும் ஒரு குதிரை துள்ளியது. ஐந்து பெண்கள் அலறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். புருஷன்மார் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார்கள். ஓரமாகப் பேருந்தை நிறுத்தியிருந்த கோரலீ இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"நம்ம பொம்பளைங்க வீடு, வாசல், புள்ள எல்லாத்தையும் குதிரைமேல கட்டிக்கிட்டு ஆறு தாண்டுனவங்க. இப்ப ஒரு டயர் வெடிச்சா புருஷன் வரணுமாடி?"

மறுநாள் மாலையே ஆற்றங்கரையில் வகுப்பு தொடங்கிவிட்டாள். வந்தவர்களில் யாரும் சின்னப் பெண் இல்லை. மருத்துவமனைத் தாதி ஜெர்லின், பள்ளிச் சமையல்காரி மேவிஸ், அஞ்சல் அலுவலகத்து ரமோனா என்று பதினோரு பேர். சேணம் கிடையாது. முதல் மாதம் ஏறவும் கூடாது. மேய்ச்சலில் திரியும் குதிரைகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். குதிரை தானாக வந்து முகர்ந்து, பக்கத்தில் நின்று தூங்கும்வரை நிற்க வேண்டும்.

நான் விடுவேனா? வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன கோரலீ, பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்களா எல்லாரும்?" என்றேன்.

"ஆமாடா. உன் வாய ஏத்திக்கிட்டுப் போக ஒரு பஸ் பத்தாதுன்னு ரெண்டாவதுக்குக் காத்திருக்கோம்."

இரண்டாவது மாதம் ஆற்றில் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குதிரையால் துள்ள முடியாது. விழுந்தாலும் நனைவதோடு சரி. மேவிஸ் மட்டும் நாற்பது முறை விழுந்திருப்பாள். "மீனுங்களுக்கெல்லாம் என் பேர் தெரியும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வருடம் முடிவதற்குள் அவர்கள் வெறும் முதுகில் மலைச்சரிவில் ஏறி இறங்கினார்கள். பழைய படங்களைப் பார்த்து அவர்களே மணிவேலைக் கழுத்துப்பட்டி தைத்துப் பூட்டினார்கள். கோரலீயும் ஏறினாள். முதல் நாள் இறங்கிவந்து ஒரு மணி நேரம் அந்தக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டினாளாம்.

அப்புறம் அவளுக்கு ஆசை பெரிதானது. மாற்றுக்குதிரைப் பந்தயத்தில் பெண்களுக்கென்று தனி ஓட்டம் வேண்டும் என்று கேட்டாள். ஒருத்தி மூன்று குதிரைகளில் மூன்று சுற்று ஓட வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடுகிற குதிரையிலிருந்து குதித்து அடுத்ததில் தாவ வேண்டும். இரண்டு பேர் குதிரைகளைப் பிடித்திருப்பார்கள். நாலாவது ஆள், பாய்ந்துவரும் குதிரையை மறித்துப் பிடிப்பவர். எலும்பு உடைவது பெரும்பாலும் அவருக்குத்தான்.

பந்தயக் குழுவினர் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்கள். இந்த வருடம் ஓடிப் பார்க்கலாம். கோரலீ அணியின் குதிரை ஒன்று கைநழுவி ஓடினாலும் அடுத்த வருடம் பெண்கள் ஓட்டமே கிடையாது. அவள் சரி என்று சொல்லிவிட்டு, மறிக்கும் இடத்தில் தன் பெயரையே எழுதினாள். நாற்பத்தொன்பது வயதில்!

பந்தய நாளன்று நாலு அணிகள். மற்ற மூன்றிலும் இருந்தவை வெளியூரில் வாங்கிய ஓட்டக் குதிரைகள். நம் கோரலீயின் அணியில் இருந்தவை மேய்ச்சல் குதிரைகள்.

"இதோ வர்றாங்க நம்ம பஸ் கம்பெனி!" என்று மைக்கில் சொன்னேன். சிரித்தார்கள்.

முதல் சுற்றில் நம் ஓட்டக்காரி ஜெர்லின் கடைசி. ஆனால் குதிரை மாற்றும் இடத்தில் வேறு கதை நடந்தது. ஓட்டக் குதிரைகள் சுழன்று, பின்னங்காலில் எழுந்து ஆட்டம் போட்டன. ஓட்டக்காரிகள் ஏற முடியாமல் திண்டாடினார்கள். நம் குதிரைகள், மேவிஸும் ரமோனாவும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற நிம்மதியில், தூங்குவதுபோல் நின்றன. ஜெர்லின் ஒரே தாவில் ஏறிவிட்டாள். இரண்டாம் சுற்றில் நாம் இரண்டாவது இடம்.

இரண்டாவது மாற்றத்துக்கு ஜெர்லின் வந்த பழுப்புப் பெட்டைக் குதிரை நிற்கவில்லை. பக்கத்து அணியின் குதிரை ஒன்று அறுத்துக்கொண்டு குறுக்கே ஓட, இது மிரண்டுவிட்டது. ஜெர்லின் குதித்துவிட்டாள். கோரலீ பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். பெட்டை அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. பத்து அடி, இருபது அடி. புழுதியில் அவளைக் காணவில்லை. கயிறு மட்டும் விறைப்பாகத் தெரிந்தது.

"விடாத!" என்று கத்தினேன். மைக் என் கையில் இருப்பதே எனக்கு மறந்துபோனது.

அவள் விடவில்லை. பெட்டை நின்றது. கோரலீ முழங்காலில் எழுந்து, முதலில் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அதற்குள் ஜெர்லின் மூன்றாவது குதிரையில் பறந்துகொண்டிருந்தாள். முன்னால் இருந்த அணி இன்னும் சுழலும் குதிரையில் ஏறத் திண்டாடிக்கொண்டிருந்தது. அரை மைதான வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். "என் வாழ்நாள்ல இப்படி ஒரு தைரியத்தப் பாத்ததில்ல. கோரலீ, நீ நம்ம சனத்துக்கே பெருமை" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் உறைத்தது. கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு ஊளையும் சிரிப்பும் வானைப் பிளந்தன. கேலி முறைக்காரன் புகழ்ந்துவிட்டான்!

கோரலீ நொண்டிக்கொண்டே, பழுப்புப் பெட்டையைக் கையில் பிடித்தபடி மேடைக்கு வந்தாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. மைக்கைப் பிடுங்கினாள்.

"ஜெர்லின், இவனுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாருடி! என்னைப் புகழ்றான்!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு. புகழ்ந்தவனுக்குப் பரிசு குடுக்கணும்" என்று கயிற்றை என் கையில் வைத்தாள். குதிரையைக் கொடுத்துவிட்டாள். எங்களிடம் அதற்குமேல் ஒரு பரிசு இல்லை. குழுத் தலைவரே தொப்பியைக் கழற்றிவிட்டு, "அடுத்த வருஷமும் ஓட்டம் உண்டு" என்று கத்தினார்.

எனக்குக் கண் கலங்கியது. குதிரை கிடைத்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள்; காரணம் அது இல்லை. எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. பன்னிரண்டு வயதில் ஒரு கிழக்குதிரைமேல் உட்கார்ந்து, பயத்தில் கால்சட்டையை நனைத்துக்கொண்டு அழுதேன். பார்த்தது ஒரே ஒருத்தி, பத்து வயதுக் கோரலீ. அதை ஊர் நடுவே சொல்லிச் சிரிக்க இத்தனை வருடமும் அவளுக்கு உரிமை இருந்தது. அவளை மண்ணில் வைத்து நான் சிரித்த அன்றுகூட அவள் சொல்லவில்லை.

மைக்கை அணைத்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு ஆத்துக்கு வா. யாருக்கும் தெரியாது. நான் சொல்லல."

அவள் சொல்லவில்லைதான். இப்போது நானே சொல்லிவிட்டேன்.