புளி போட்டு மினுக்கிய பாவை

ஸ்கொட்லாந்தில் ஓர் ஏலக்கூடம் இருக்கிறது. அங்கே நான் போனதில்லை. ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. ஆனாலும் வரப்போகும் ஏலங்களின் பட்டியல் மாதம் தவறாமல் என் தொலைபேசிக்கு வந்துவிடும். முதலில் ஓவியங்கள், பிறகு வெள்ளிச் சாமான்கள், அதற்கும் பிறகு பழைய விஸ்கிப் போத்தல்கள், மான்கொம்புப் பிடி போட்ட கத்திகள், செத்துப்போன யாரோ ஒரு பிரபு ஆயுள் முழுக்கச் சேர்த்த முத்திரைகள். இங்கே கனடாவில், ஸ்ரௌவ்வில்லில், காரைச் சூடேறவிட்டு, கண்ணாடியில் பனி உருகி வழியும்வரை ஒவ்வொரு படமாக விரலால் தள்ளிக்கொண்டிருப்பேன். "ஒண்டும் வாங்கிறேல்லை, பிறகேன் அம்மா பாக்கிறியள்? சீரியஸ்லி" என்பாள் மகள். வெண்கலச் சாமான்களின் படங்களுக்குக் கீழே ஒரு குறிப்பு அடிக்கடி வரும்: பழைய மேற்பரப்பு, தொடப்படாதது. அதை வாசிக்கும்போதெல்லாம் என் விரல் தள்ளாமல் நின்றுவிடும். நாற்பது வயது எப்போதோ கடந்துவிட்டது, இன்னும் நிற்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பார்க்டேலில் ஒரு பழைய செங்கல் வீட்டின் பேஸ்மென்றில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். மேலே வீட்டுக்காரி. ஸ்கொட்லாந்தில் பிறந்து, கனடாவில் விதவையாகி, முழங்கால் இரண்டும் பழுதாகி, தங்கையோடு போயிருப்பதற்காகப் பிறந்த ஊருக்குத் திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர். எங்கள் வாயில் அவருக்குப் பெயர் 'மேல்வீட்டு மனிசி'. கிழமையில் மூன்று நாள் அம்மா மேலே போய்க் கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்துக் கொடுப்பார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மனிசிக்குத் தமிழ் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படிக்கட்டில் நின்று, கீழிருந்து வருவதை மேலே அனுப்புவேன், மேலிருந்து வருவதைக் கீழே இறக்குவேன். வீட்டுக்குள் ஒரு குட்டித் தபாற்கந்தோர்.

மனிசியின் முன்னறையில் ஒரு பாவைவிளக்கு நின்றது. இரண்டு கையாலும் அகலை ஏந்திய வெண்கலப் பெண், ஒரு முழ உயரம். மனிசியின் மாமனார் ஒருகாலத்தில் எங்கள் நாட்டு மலையில் தேயிலைத் தோட்டத்துத் துரையாக இருந்து, திரும்பும்போது கொண்டுபோனதாம். அவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று மனிசி சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. பாவை கன்னங்கரேலென்றிருந்தாள். கழுத்து மடிப்பிலும் சேலைக் கொசுவத்திலும் பச்சை பூத்திருந்தது. கண் எங்கே மூக்கு எங்கே என்று கிட்டப் போய்த்தான் தேடவேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து தபாலில் ஒரு பளபளப்பான புத்தகம் வந்தது. வசந்தத்தில் நடக்கப்போகும் ஏலத்தின் பட்டியல். அதிலே பாவைக்கு ஒரு முழுப் பக்கம். மனிசி எங்களை மேலே கூப்பிட்டுப் பக்கத்தை விரித்துக் காட்டினார். கல்யாண அல்பம் காட்டுகிறவரின் முகம் அப்போது அவருக்கு. தச்சுவேலைக்காரர் ஒருவர் வந்து அளவெடுத்து, வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டி ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அதே கிழமை அப்பாவின் லோயர் ஒன்று சொன்னார். அகதி விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. உங்களை அறிந்த கனடியர் யாராவது நல்ல கடிதம் ஒன்று தந்தால் உதவும் என்று. எங்களை அறிந்த ஒரேயொரு கனடியர் எங்கள் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன். மனிசி யோசிக்கவே இல்லை. பெட்டி போகட்டும், அன்றைக்கே இருந்து எழுதித் தருகிறேன் என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனிசி வெட்கப்பட்டுக் கையை இழுத்தார்.

"உவவுக்கு நாங்கள் என்னத்தைச் செய்யிறது பிள்ளை?" என்று அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "குடுத்தாலும் ஒண்டும் வாங்கமாட்டா."

மூன்றாம் நாள், தைப்பொங்கலுக்கு முதல்நாள், அம்மாவுக்கே பதில் கிடைத்துவிட்டது. பொங்கலென்றால் எங்கள் வீடுகளில் விளக்கு மினுக்குவார்கள். புளியைக் கரைத்து, சாம்பலைத் தொட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும் வரைக்கும். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது உடுப்புத் தோய்க்கும் கொங்கிரீற் தொட்டிக்குள் எங்கள் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மேல்வீட்டுப் பாவை குந்தியிருந்தாள். மனிசி தலைமயிர் வெட்டப் போயிருந்தார்.

"நாளையிண்டைக்குக் கப்பலேறப் போறாள்" என்றார் அம்மா, மூச்சு வாங்க. "ஒரு பொம்பிளைப்பிள்ளையை உப்பிடியே முகம் கழுவாமல் அனுப்புறதே? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

நானும் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அவளுடைய ஒரு பாதத்தைத் தேய்த்தேன். தொட்டியில் தண்ணீர் கறுத்து ஓட ஓட, உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முதலில் தோள், பிறகு மூக்குத்தி, பிறகு உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு. எத்தனை காலம் அந்தச் சிரிப்பை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாளோ! பொன்னாய் எரிந்தாள். அம்மா துடைத்து, நெற்றியில் ஒரு குங்குமப்பொட்டும் வைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார்.

பின்னேரம் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆளைக் கூப்பிடும் சத்தமல்ல. மூச்சு கால் தடுக்கி விழுகிற சத்தம்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "கண்டிட்டா போலை. வா, என்ன சொல்லுறா எண்டு கேப்பம்."

மனிசி மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். மடியில் அந்தப் புத்தகம் விரிந்து கிடந்தது. புது மயிர்வெட்டுக்குக் கீழே முகம் காகிதமாகியிருந்தது. யார், யார் இதைச் செய்தது என்றார். அந்தக் கறுப்பும் பச்சையும் ஏறுவதற்குத் தலைமுறைகள் எடுத்தன, ஏலக்காரர் கேட்டதே அதைத்தான், அது போய்விட்டது, இனி எவராலும் அதைத் திருப்பிப் பூச முடியாது, இப்போது இதைப் பார்த்தால் போன கிழமை வார்த்தது என்பார்கள் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"என்னவாம்? வடிவாயில்லையாமே?" என்றார் அம்மா.

"கறுப்பாயிருந்தால்தானாம் ஏலத்திலை எடுப்பினம். இனி எடுக்க மாட்டினமாம்."

"ஊத்தையையோ கேட்டவை?"

"ஓம்."

அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு, போக வழி தெரியாமல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார். "சொல்லு. நான்தான் மினுக்கினனான் எண்டு சொல்லு. எனக்குத் தெரியாமல் போச்சு, மன்னிச்சுக்கொள்ளட்டாம் எண்டு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் கடிதம் வந்து நின்றது. இன்னும் எழுதப்படாத அந்தக் கடிதம். அது இல்லாவிட்டால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், திரும்பிப் போனால் சித்தப்பாவை ஆமிக்காரர் பிடித்ததுபோல அப்பாவையும் பிடிப்பார்கள் என்று அப்பா இரவில் அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டிருந்தது. பேஸ்மென்றில் சுவர்கள் மெல்லியவை.

பெட்டி அடித்தவர் மத்தியானம் திரும்பவும் வந்து, ஏதோ போட்டு விளக்கைத் தேய்த்ததை அம்மா தன் கண்ணால் கண்டாராம் என்று சொன்னேன். நல்ல இங்கிலீஷில் சொன்னேன். வகுப்பில் பரிசு வாங்கிய இங்கிலீஷ்.

மனிசி அம்மாவைப் பார்த்தார். நான் சொன்னது தன்னுடைய குற்றத்தைத்தான் என்று நினைத்த அம்மா, கண்ணீரோடு தலையாட்டினார். கையை நெஞ்சில் வைத்து, "மீ, மீ" என்றார்.

மனிசி மடியிலிருந்த பக்கத்தைத் தடவினார்.

"சொன்னனியே?" என்றார் அம்மா என்னிடம்.

"சொன்னன்."

"வடிவாய்ச் சொன்னனியே? பிறகேன் உவ ஏசாமல் இருக்கிறா?"

அம்மா விறுவிறென்று கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் புளிக் கிண்ணம், அதற்குள் கறுத்துப்போன தும்பு. அதைக் கொண்டுவந்து மனிசியின் மடியில் விரிந்திருந்த புத்தகத்தின் மேலேயே வைத்தார், பாவையின் கரிய படத்துக்கு மேலே. காற்றைத் தேய்த்துக் காட்டினார். தன்னைத் தொட்டுக் காட்டினார். நகக்கண்களுக்குள் இன்னும் கறுப்பு இருந்தது. பத்து விரலையும் விரித்து அதையும் காட்டினார்.

மனிசி கிண்ணத்தைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அம்மா சொன்னதைப் புரிந்துகொள்ள அவர் கஷ்டப்படுகிறார் என்றுதான் அந்தப் பார்வையை நான் எடுத்துக்கொண்டேன். எங்களைக் கீழே போகும்படி கையைக் காட்டினார்.

அப்பா வேலையால் வந்து கேள்விப்பட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "உனக்கென்ன விசரே? ஆரும் மற்ற ஆக்களின்ரை சாமானிலை கை வைப்பினமே? இனிக் கடிதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திருப்பி அனுப்பட்டும், அங்கை போயிருந்து ஆமிக்காரன்ரை தொப்பியை மினுக்கு!" அடுத்தநாள் பொங்கல் பொங்கி வழிந்தபோது எவரும் பொங்கலோ பொங்கல் என்று கூவவில்லை.

பெட்டி போகவில்லை. மனிசி ஸ்கொட்லாந்துக்குத் தொலைபேசி எடுத்துப் பேசியது எனக்கு நிலத்தடியில் கேட்டது. பாவையை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மா வழமைபோல மேலே போனார், கூட்டினார், துடைத்தார், வந்தார். பொன்னாய் நின்ற அவளை மட்டும் சுற்றிக்கொண்டு போய்த் துடைத்தாராம். கடிதத்தைப் பற்றி எங்களுக்குக் கேட்க வாயில்லை.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கையில் மனிசி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வந்தார். அவர் எங்கள் பக்கம் இறங்கியது அந்த ஒருநாள்தான். ஒட்டாத உறை ஒன்றை என்னிடம் தந்து, அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டு என்றார். முழுவதையும், என்றார்.

நான் வாசித்தேன். நேர்மையான குடும்பம், கடின உழைப்பாளிகள், அமைதியானவர்கள். அப்பாவின் தோள் இறங்குவது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு பந்தி. இந்தப் பெண்மணி தனக்குக் கெடுதல் வரக்கூடும் என்று தெரிந்தும் என்முன் நின்று உண்மையைச் சொன்னார். அவருடைய மகள் அதை வேறொன்றாக மாற்றி எனக்குச் சொன்னபோதும் அவர் விடவில்லை, அந்த உண்மையைத் தன் கைகளால் எனக்கு விளங்கவைத்தார். இப்படிப்பட்டவரின் சொல்லை நீங்கள் நம்பலாம்.

அதைக் கண்ணால் மட்டும் படித்தேன். அந்தப் பந்தியைத் தாண்டி, கீழேயிருந்த கையெழுத்தை வாசித்தேன்.

"அவ்வளவுதானோ?" என்று அப்பா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நீட்டுக்கு எழுதியெல்லோ கிடக்கு?"

"இங்கிலீஷ் நீளம் அப்பா."

விசாரணை அறையில் சன்னல் இல்லை. கண்ணாடி போட்ட ஒருவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில், அரசாங்கம் போட்ட மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஊர்ப்பக்கத்து அன்ரி ஒருவர். கண்ணாடிக்காரர் மனிசியின் கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். அன்ரி ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சொல்லும் சிந்தவில்லை. எனக்குக் கதிரைக்கடியில் போக வேண்டும்போல இருந்தது. அந்தப் பந்தி வந்தது. தமிழில் அது இன்னும் தெளிவாக இருந்தது.

அப்பா திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். அம்மா திரும்பவில்லை. மடியிலிருந்த அவருடைய கைகள் மட்டும் ஒன்றையொன்று விட்டன.

உங்கள் மகள் அன்றைக்கு வீட்டுக்காரரிடம் என்ன சொன்னாள் என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

அம்மா அன்ரியைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரியாது. உவள் சொல்லுறதுதான் எனக்கு இங்கிலீஷ்."

அன்ரி அதைச் சொல்லி முடித்த பிறகு அந்த மனிதர் பேனையை எடுத்து ஏதோ எழுதினார். நெடுநேரம் எழுதினார். சில கிழமைகளில் எங்களை ஏற்றுக்கொண்டதாகத் தபால் வந்தது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்குத் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் வீட்டுக்கு வந்தோம். அப்பா முன்னுக்கு நின்றார். நானும் அம்மாவும் ஒரு இருக்கையில். அடி விழப்போகிறது என்று நான் தோளை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அம்மா வெகுநேரம் பனியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"போன வரியம் ஆஸ்பத்திரியிலை, அந்த டொக்ரரிட்டை, வயித்து நோ எப்பிடியெண்டு நான் சொன்னது... அப்பிடியே சொன்னனியோ?"

"ஓம் அம்மா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"உன்ரை ரீச்சரிட்டை நான் கேட்கச் சொன்னது?"

"ஓம்."

"காணாமல்போன மாமாவைப் பற்றி அந்தச் செஞ்சிலுவை ஒஃபிசிலை சொன்னது? அவை திருப்பிச் சொன்னது?"

"ஓம். ஓம்."

ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு தரிப்பிடம் கடந்தது. இருட்டு வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகக் கதவைத் தள்ளிப் பார்க்கிறவர் மாதிரி அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உண்மையில் பாதி எனக்கு நினைவேயில்லை. விளக்கைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்று எனக்குள் ஒரே குதூகலம். சன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்தப் புகைக்குள் விரலால் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.