ஏணி வண்டியில் ஓர் இடம்

வண்டி நின்றதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டு, பம்ப்காரர் இடது உள்ளங்கையைத் தண்ணீர்க் குழாயின் மேல் வைத்துக்கொள்கிறார். குழாயின் மறுமுனை எரிகிற வீட்டுக்குள் போயிருக்கும். அது துடிக்கிற துடிப்பை வைத்தே, உள்ளே இருப்பவன் படியேறுகிறானா, மண்டியிட்டிருக்கிறானா என்று சொல்லிவிடுவார். "நெட்டையன் பிடிச்சிருக்கான். எப்பவும் அவனுக்கு அவசரம்" என்று முனகிக்கொள்வார்.

அவருடைய தீயணைப்பு நிலையத்தில் இரண்டு வண்டிகள். தண்ணீர் வண்டிக்கு நால்வர்: அதிகாரி, குழாய் பிடிக்க இருவர், ஓட்டிப்போய் பம்ப்பைப் பார்த்துக்கொள்ள இவர். ஏணி வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதில் வரும் நால்வர் கதவை உடைப்பார்கள், மாடிக்கு ஏறுவார்கள், ஆளைத் தோளில் போட்டு இறக்குவார்கள். யார் எங்கே ஓடினாலும் பம்ப்காரர் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது.

இப்படியே பத்தொன்பது வருடம். எரிகிற வீட்டின் உட்புறத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கரி படிந்த முகத்தோடு வெளியே வருகிறவர்களை மடக்கி, "உள்ள எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்பார்.

"என்னத்தைச் சொல்ல, ஒரே புகைண்ணே."

அந்தப் பதில் அவருக்குப் போதவே போதாது. வீட்டில் மனைவி வேறு சீண்டுவாள்: "தீயணைக்கிற ஆளாம்! கையில ஒரு கொப்புளம் உண்டா?" சிரித்து மழுப்பிவிடுவார். ஒரே ஒரு தடவையாவது ஓர் உயிரைத் தன் தோளில் சுமந்து இறங்க வேண்டும் என்ற ஏக்கம் மனிதரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் ஏணி வண்டியில் ஓர் இடம் காலியானது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை எடுக்கமாட்டார்கள்; அடுத்த மாதம் இவர் தாண்டிவிடுவார். கூச்சத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்து, நான்காவது விண்ணப்பத்தோடு கடைசி நாள் மாலை தயாராக நின்றார். ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுத்தாக வேண்டும். பம்ப்புக்கு வர வேண்டிய மாற்று ஆள் வந்து சேர்வதற்குள் நிலையத்தின் அபாய மணி அடித்துவிட்டது.

துணிக் கிடங்கு ஒன்றில் தீ. மேல்மாடியில் இரண்டு பெண்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி மேலே போயிற்று; நெட்டையன் குழாயோடு உள்ளே போனான். நாலரைக்கு மாற்று ஆள் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தான்.

"கிளம்புங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்."

"போய்யா, இன்னும் நேரம் இருக்கு" என்றார் அதிகாரியும்.

பம்ப்காரர் சட்டைப்பையிலிருந்த விண்ணப்பத்தைத் தொட்டுப் பார்த்தார். இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டார். பிறகு திரும்பி வந்து குழாயைத் தொட்டார். அது ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருந்தது.

"இருடா. உள்ள மண்டிபோட்டுட்டு நகராம இருக்கான். இப்ப கை மாத்தக் கூடாது."

"மணி ஆகுதேண்ணே!"

பம்ப்காரர் குழாயிலிருந்து இடது கையை எடுக்காமல், வலது மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைப் பல்லால் கழற்றி, முள்ளைப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார்.