குலுக்கலில் வந்த அத்தை

அந்த வீட்டில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர். பட்டம் இன்னும் வரவில்லை, பெயர் முந்திக்கொண்டுவிட்டது. வைத்தவர் கணவர், லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களிடம் “இதோ, ஆச்சு” என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர். மனைவியின் படிப்பையும் அதே நம்பிக்கையோடுதான் பார்த்து வந்தார்.

படிப்பு சமூகவியல். ஆய்வேட்டைத் தொடங்க வேண்டுமானால் ஆய்வு முறைகளில் ஒரு தகுதித் தேர்வைத் தாண்ட வேண்டும். எழுத்துத் தாளில் டாக்டரம்மா புலி. புள்ளியியலிலும் எப்படியோ கரையேறிவிட்டாள். செய்முறையில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். முன்பின் தெரியாத ஒருவரைத் தேர்வாளர்கள் எதிரே உட்காரவைத்துப் பேட்டி எடுக்க வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உலகத்தில் அவளால் முடியாத காரியம் அது ஒன்றுதான். எதிரே இருப்பவர் “சாயங்காலம் ஆனா எங்க வீட்ல...” என்று இழுத்தால், “டிவிதானே ஓடும்?” என்று முடித்துவைத்துவிடுவாள். முதல் முறை வந்த தையல்காரர் “ஆமாங்க” என்ற ஒரே சொல்லோடு பேட்டியை முடித்துக்கொண்டு போனார். அடுத்த முறை வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். இது மூன்றாவது வாய்ப்பு. இதிலும் கோட்டைவிட்டால் துறையில் பெயரை அடித்துவிடுவார்கள்.

இந்த வியாதிக்குப் பயிற்சிக்கூடம் வீடுதான். மாமியார் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவழியில் நின்று யோசிக்கிறவர். அந்த இடைவெளியில் அடுப்பில் பால் பொங்கி அடங்கிவிடும்.

“கடைக்குப் போனா எனக்கு ஒரு...”

“தைலம்தானே அத்தை? வாங்கிட்டு வரேன்.”

மாமியார் வாயை மூடிக்கொள்வார். அந்த வீட்டில் தைலத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

தேர்வு நாள் காலையில் மாமியார் நல்ல செருப்பைத் தேடி எடுத்தார். “இன்னைக்கு நானும் ஒரு இடத்துக்கு...”

“கண் டாக்டர்கிட்டதானே? பாத்துப் போங்க அத்தை. எனக்கு நேரமாச்சு.”

துறையின் கூட்ட அறையில் நீள மேசை, அதன் ஒரு பக்கம் மூன்று தேர்வாளர்கள்: துறைத் தலைவர், புள்ளியியல் பேராசிரியர், களப்பணிப் பேராசிரியை. கதவு திறந்தது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர் மாமியார்.

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டாள். “சார், இவங்க எங்க அத்தை.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “எந்த அத்தை?”

“வீட்டுக்காரரோட அம்மா சார். ஒரே வீடு.”

“அதைத்தான் காலையில சொல்ல...” என்றார் மாமியார். யாரும் முடித்துவைக்காததால் அது அப்படியே நின்றது.

“வேற ஆளைக் கூப்பிடுங்க” என்றார் களப்பணிப் பேராசிரியை. “முன்பின் தெரியாதவங்களா இருக்கணும்னு விதி இருக்கு.”

புள்ளியியல் பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. நகரத்து வீட்டு எண்களையெல்லாம் கணினியில் போட்டுக் குலுக்கி ஆள் எடுத்தவர் அவர். “குலுக்கல்ல வந்த ஆளை மாத்தினா அப்புறம் எதுக்குங்க குலுக்கல்? தெரிஞ்சவங்க வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அந்தக் கம்மி இன்னைக்கு வந்திருக்கு. வந்ததைப் போன்னு விரட்டறதா?”

இருவரும் கொஞ்ச நேரம் மோதிக்கொண்டார்கள். கடைசியில் தலைவர், “ஆய்வின் வரம்புகள்னு ஒரு வரி எழுதிடலாம்” என்றார். அந்தத் துறையில் அந்த ஒரு வரிக்குள் அடங்காத தவறு இதுவரை நடந்ததில்லை.

தலைப்பை உறையிலிருந்து எடுத்து நீட்டினார்கள்: குடும்பத்தில் முடிவுகள் எடுக்கப்படும் விதம்.

“உங்க வீட்ல முடிவெல்லாம் எப்படி எடுக்கறீங்கன்னு சொல்லுங்க அத்தை.”

களப்பணிப் பேராசிரியை பேனாவால் மேசையைத் தட்டினார்.

“சொல்லுங்கம்மா” என்று திருத்திக்கொண்டாள்.

“முடிவுன்னா... எங்க வீட்ல...”

‘எல்லாரும் கலந்து பேசித்தானே?’ என்பது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே கடித்தாள், வலித்தது. சுவர் மின்விசிறி ஒரு பக்கம் போய், முனகி, திரும்பி வந்தது. தலைவருக்குக் கொட்டாவி.

“எங்க வீட்ல எல்லாத்தையும் மருமகதான் முடிப்பா” என்றார் மாமியார். “நான் ஆரம்பிக்கிற பேச்சையும் சேத்து.”

பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்த கேள்வி ஒன்று இருந்தது. “இன்னும் கொஞ்சம் விவரமா சொல்ல முடியுமாம்மா?” என்று அதையே கேட்டாள்.

“தைலம் வேணும்னு நான் கேட்டதே இல்லைங்க. ரேடியோவுக்கு பேட்டரி கேக்கத்தான் வாயெடுப்பேன்.”

“அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

இந்த முறை இடைவெளி இன்னும் நீளம். டாக்டரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவமாத்தான் இருந்துச்சு. ஒருநாள் இன்னைக்கு பேட்டரின்னு முழுசா சொல்லாம விடறதில்லைன்னு போனேன். பாத்தா பரீட்சையில தவறிட்டு வந்து உக்காந்திருக்கா. ஏம்மா தவறினேன்னு கேட்டேன். ‘நான் யாரையும் பேச விடமாட்டேங்கிறேனாம் அத்தை, அநியாயமா இல்ல?’ன்னு கேட்டா. எனக்கு வந்துது பாருங்க சிரிப்பு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் குலுங்கினேன். நான் அழறேன்னு நெனச்சுட்டா. பாவம், தைலம் எடுத்துட்டு வந்து நெத்தி பூரா தேச்சா. அப்புறம் எங்க இருந்து கோவப்படறது?”

பேட்டியாளர் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்பது விதி. டாக்டரம்மா குனிந்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. நிமிராமலே, “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?” என்றாள்.

“இப்போதைக்குப் போதும்.”

தேர்ச்சி. மௌனத்தைச் சிறப்பாகக் கையாண்டார் என்று குறிப்பு. கீழே, வாக்குத் தவறாமல், ஆய்வின் வரம்பு ஒரு வரி.

வீடு திரும்பும் பேருந்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கூட்டம் ஏறியது, இறங்கியது. மாமியார் சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “நாம இந்த...” என்றார்.

டாக்டரம்மா அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. காத்திருந்தாள். பேருந்து நின்றது. காத்திருந்தாள். பேருந்து கிளம்பியது.

“...ஸ்டாப்புல இறங்கணும்” என்று முடித்தார் மாமியார்.

“இன்னும் கொஞ்சம் விவரமா சொல்லுங்க அத்தை” என்றாள் அவள்.

“தாண்டிப் போயிட்டோம்மா.”