கட்டில்காரன் வீட்டுப் பந்தி

திமிங்கல வேட்டைக் கப்பலில் தென்கடல் வரை போய் வந்த ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு இளைஞர்கள் எல்லோருமே கைநிறையக் காசோடுதான் கரை இறங்கினார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிள் வாங்கினான். இன்னொருவன் டிராக்டர் வாங்கினான். இரண்டு மூன்று பேர் ஸ்டோர்னோவே துறைமுகத்தைத் தாண்டாமலே மொத்தத்தையும் குடித்துத் தீர்த்தார்கள். ரோரி மாக்கே மட்டும் லாரி நிறைய இரும்புக் கட்டில்களோடு ஊருக்கு வந்தான்.

ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏண்டா, ஆஸ்பத்திரி கட்டப் போறியா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு ஃபின்லே.

"திருவிருந்துக்கு வர்றவங்க படுக்க வேணாமா?"

"கல்யாணம் ஆன கை ஈரம் இன்னும் காயல. பொண்டாட்டிக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கிக் குடுக்கத் துப்பில்ல, வர்றவன் போறவனுக்குக் கட்டிலாம்!"

பொண்டாட்டி டோலினா அதற்குள் லாரியின் பின்பக்கம் ஏறி, ஒரு கட்டிலின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "ஃபின்லே, வாய் சும்மா இருக்கறப்ப கையாவது வேல செய்யட்டும். அந்தப் பக்கம் பிடி," என்றாள். ஃபின்லே பிடித்தான். அன்றிலிருந்து ரோரிக்குக் கட்டில்காரன் என்று பெயர் விழுந்தது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஒரு முறை ஒட்டிக்கொண்டால் கல்லறைக் கல்லில்தான் கழலும்.

செப்டம்பரில் எங்கள் சபையின் திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் ஆராதனை, வியாழன் தொடங்கித் திங்கள் வரை நடக்கும். தீவின் மூலைமுடுக்குகளிலிருந்து ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். இருக்கிற கட்டிலையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் தொழுவத்து வைக்கோலில் உருளுவார்கள். ரோரி வீட்டில் மட்டும் அந்தச் சிக்கல் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை கட்டி, கட்டில்களை வரிசையாகப் போட்டு வைத்திருந்தான். வீட்டின் மற்றப் பகுதி எப்படியிருந்தது என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் அடுப்படியில் வாளி வைக்க வேண்டும். ரோரியின் கால்சட்டையில் பழைய துணி எது, ஒட்டுப்போட்ட துணி எது என்று டோலினாவுக்கே குழப்பம் வரும். கொட்டகையில் தறியடித்து வந்த கூலியும், ஆடு விற்ற காசும், விருந்தாளிகளின் போர்வைக்கும் மாவுக்கும் வெண்ணெய்க்குமே சரியாகப் போனது.

காசு வேண்டாம் என்று சொல்லித் திரிகிறவர்களில் பாதிப் பேர் நாள் முழுக்கக் காசைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருப்பார்கள். ரோரி அந்த ரகமில்லை. அவனுக்கு அந்த நினைப்பே வராது. ஒரு முறை எடின்பரோவிலிருந்து ஒரு கனவான் வந்தார். சால்மன் மீன் பிடிக்க வரும் பணக்காரர்களைத் தங்கவைக்க இடம் தேடுகிறாராம். நீளமான அந்த அறையைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. செப்டம்பர் மாதத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும், கூரையை மாற்றி, ஒரு காரும் வாங்கி, மிச்சமும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"செப்டம்பர்ல எடமில்லையே," என்றான் ரோரி.

"யாருக்குப் பேசி வெச்சிருக்கீங்க?"

"இன்னும் யாருன்னு தெரியாது."

கனவான் இதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு கோபத்தோடு போனார். உண்மையில் ரோரி உள்ளதைத்தான் சொன்னான்.

விருந்தாளி விஷயத்தில் அவனுக்கு ஒரு முரட்டுப் பிடிவாதமும் உண்டு. யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது. தெற்கே ஹாரிஸ் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்மணி மரியாதைக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை கொண்டுவந்தாள். திங்கட்கிழமை பஸ் கிளம்பும்போது ரோரி ஓடிப்போய் ஜன்னல் வழியாக அதை அவள் மடியில் போட்டுவிட்டு வந்தான். "என் வீட்ட கடைன்னு நெனச்சாளா?" என்று மாலை வரை புலம்பிக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்டவன் திருவிருந்து மேசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பான் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேதாகமச் சங்கீதம் பாடத் தொடங்கியதும், மேசையாகப் பாவித்து வெள்ளைத்துணி விரித்த முன்வரிசைகளுக்கு டோலினா தனியாக எழுந்து போவாள். ரோரி பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். கல்யாணமான நாள் முதல், தலை நரைத்து அறுபதைத் தாண்டிய பிறகும், அப்படியேதான்.

சபை அவனைத் தடுக்கவில்லை. சபையின் மூப்பர்களிடம் போய் நின்று, விசுவாசத்தைச் சொல்லி, அனுமதி அடையாளமான சின்ன ஈய வில்லையை வாங்கிக்கொண்டால் போதும். ரோரி போகவில்லை.

"ஏன் போகமாட்டேங்கற?" என்று டோலினா எப்போதாவது கேட்பாள்.

"எதக் கையில வெச்சிட்டுப் போவேன் டோலினா? மத்தவங்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள ஒரு நிச்சயம் வந்திருக்கு. எனக்கு வரல. வெறுங்கையோட போய் அங்க உக்காந்தா அது திருட்டு."

 ஆனால் அவனுடைய இந்தத் தாழ்மை ஊருக்கு ஒரு வினையாகவே முடிந்தது. தெருவில் பாதிப் பேர், "கட்டில்காரனே போகல, நான் எந்த மூலைக்கு?" என்று பின்வரிசையிலேயே தங்கிவிட்டார்கள். மேசை என்னவோ விரித்துத்தான் இருந்தது. ஊரின் நல்ல மனிதர்கள் அதை எட்ட நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு வருஷம் டோலினாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, கிளாஸ்கோவுக்குப் போய் அறுவை செய்ய வேண்டும், அதுவும் நிச்சயம் சொல்ல முடியாது என்றார் ஸ்டோர்னோவே டாக்டர். திருவிருந்து முடிந்ததும் வருகிறேன் என்று டோலினா சொல்லிவிட்டாள். வீடு திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"ரோரி, இந்தத் தடவயாவது என் பக்கத்துல உக்காரேன்."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்காக ஆட்டுமந்தை முழுவதையும் விற்கச் சொன்னால் அன்றைக்கே விற்றிருப்பான். அவள் கேட்டதோ அவன் கையில் இல்லாத ஒன்று. அப்படித்தான் அவன் நம்பினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வழக்கப்படி அது கேள்வி நாள். உண்மையான விசுவாசிக்கு அடையாளம் என்ன என்று கேள்வி வைத்து, மூப்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். ரோரி ஒவ்வொரு அடையாளத்தையும் தன் மேல் வைத்துப் பார்த்தான். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான்.

அடுப்படியில் நீள மேசையைச் சுற்றி விருந்தாளிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டுக்கறி சூப்பும் உருளைக்கிழங்கும் ஆவி பறந்துகொண்டிருந்தன. அப்போது வாசல் கதவு திறந்தது. நடைக்குள் ஓர் ஆள் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றான். ஊயிக் ஊர்ப் பக்கத்து ஈவாண்டர். தீவில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. அப்பன் வைத்துவிட்டுப் போன மீன்படகைக் குடித்தே அழித்தவன். சில மாதங்களாகக் குடியை விட்டிருக்கிறான் என்று கேள்வி. மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வா, உக்காரு," என்றான் ரோரி.

"இல்ல, இருக்கட்டும். பிரசங்கம் கேக்கத்தான் வந்தேன். இங்கயே நடையில ஒரு கிண்ணம் குடுத்தீங்கன்னா..."

"நடையில நாய்தான் சாப்பிடும். உள்ள வா."

"நான் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியும்."

"உன்னத் தெரியாத ஆளு இந்தத் தீவுலயே இல்ல. உக்காரு."

"நல்ல மனுஷங்க உக்காந்திருக்காங்க. நான் கையில ஒண்ணும் கொண்டு வரல. கொஞ்சம் ஆளா மாறிட்டு, அடுத்த வருஷம் மரியாதையா வந்து..."

ரோரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வேதனை எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"யோவ், உன்ன யாருய்யா கொண்டுவரச் சொன்னா? உன்னக் கூப்பிட்டது நானு. ஆக்கி வெச்சிருக்கறது நானு. அடுத்த வருஷம் நீ ஆளாகி வர்ற வரைக்கும் இந்தக் கெழங்கு காத்துக்கிட்டு இருக்குமா? பசிக்குதா இல்லயா, அத மட்டும் சொல்லு."

"பசிக்குது."

"அவ்வளவுதான். இந்த மேசைக்கு அது போதும். நீ அங்க நின்னுக்கிட்டு லாயக்கில்ல லாயக்கில்லன்னு சொல்றது மரியாத இல்லய்யா. என் சாப்பாட்டக் கேவலப்படுத்தற! உக்காருய்யா, ஆறிப்போகுது!"

ஈவாண்டர் பயந்துபோய் உட்கார்ந்தான். ஹாரிஸ் பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தாள். அடுப்பருகே டோலினா கரண்டியோடு அசையாமல் நின்றாள். சூப் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"ரோரி," என்றாள் மெதுவாக. "இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லு."

"எத? ஆறிப்போகுதுன்னா?"

"எல்லாத்தயும்."

அவன் வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. எழுந்து, பின்கதவு வழியாகக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

தறிப் பலகையில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அவனுக்கு வியர்த்தது. காசைப் படியேற விடாதவன் என்று ஊர் அவனை மெச்சியது. அவனோ கடைத்தெருச் சட்டத்தை நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டியிருந்தான். விலை கொடுக்காமல் எதையும் எடுக்கக் கூடாது. தன் வீட்டில் ஒரு பொட்டலம் சர்க்கரையைக்கூட வாங்க மறுத்தவன், கடவுளின் வீட்டுக்கு மட்டும் எதையாவது சுமந்துகொண்டுதான் போக வேண்டும் என்று இத்தனை காலம் வாசலில் நின்றிருக்கிறான். கூப்பிட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஈவாண்டர் மேல் தனக்கு வந்த கோபத்தை நினைத்துப் பார்த்தான். அப்புறம் அந்தப் பெரிய மனிதன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதான்.

சனிக்கிழமை பிரசங்கம் முடிந்து மூப்பர்கள் கூடியிருந்த அறைக்கதவைத் தட்டினான். உள்ளே போதகரும் நான்கைந்து மூப்பர்களும் இருந்தார்கள். நடுவில் ஃபின்லே. மூப்பரான பிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எந்த நம்பிக்கையில வந்திருக்க, ரோரி மாக்கே?" என்று முறைப்படி கேட்டான் ஃபின்லே.

பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. ரோரிக்கு ஒரு வரிதான் இருந்தது.

"பசிக்குது, ஃபின்லே. வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபின்லே பைக்குள் கையை விட்டு ஈய வில்லையை எடுத்து மேசையில் வைத்தான். "கூறுகெட்டவனே, இதச் சொல்ல உனக்கு இவ்வளவு காலமா? எடுத்துட்டுப் போ," என்றான். குரல் உடைந்துபோயிருந்தது. முறைப்படி அப்படிச் சொல்லக் கூடாதுதான். யாரும் கண்டிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பி வழிந்தது. சங்கீதம் எழும்பியது. டோலினா வழக்கம்போல எழுந்து முன்னால் போனாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைத்துணி விரித்த வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். அங்கே உட்கார வந்த இரண்டு பெண்களை முறைத்தே அனுப்பினாள். திருவிருந்து மேசையில் இடம் பிடித்து வைப்பது எந்தச் சபை ஒழுங்கிலும் இல்லை.

பின்வரிசையில் ரோரிக்குக் கால் எழும்பவில்லை. தென்கடலில் புயலுக்குள் கொடிமரம் ஏறிய கால்கள். முதல் அடி பாடி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கைக்குள் ஈய வில்லை வியர்வையில் நனைந்தது. பக்கத்தில் ஈவாண்டர் உட்கார்ந்திருந்தான். அவன் குனிந்து ரோரியின் காதோரம் சொன்னான்:

"எழும்புங்க. ஆறிப்போகுது."

ரோரி எழுந்தான். அந்த நீண்ட நடைவழியில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டதும் பின்வரிசைகளில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. கட்டில்காரனே போகல என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றோடு அந்தச் சாக்கு போயிற்று. அடுத்த திருவிருந்தில் மூப்பர்கள் அறையில், வில்லை கேட்டு வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை.

டோலினா புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். அவள் அக்டோபரில் கிளாஸ்கோவுக்குப் போய், பிழைத்துத் திரும்பி, அவன் பக்கத்தில் இன்னும் பல செப்டம்பர்கள் உட்காரப்போகிறாள். அன்றைக்கு அது இருவருக்கும் தெரியாது. ஃபின்லே அப்பத் தட்டை வரிசையின் முனையில் கொடுத்தான். எங்கள் சபையில் தட்டைப் பெற்றவர்தான் அடுத்தவருக்கு நீட்டுவார். டோலினாவிடம் தட்டு வந்தது. அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, புருஷன் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ பேருக்கு, பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம், அவள் இந்தத் தட்டை நீட்டியிருக்கிறாள்.

ரோரி வெறுங்கையை நீட்டி எடுத்துக்கொண்டான்.

அவள் தட்டை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசை முழுவதும் காத்திருந்தது. ஃபின்லே அவளை அவசரப்படுத்தவில்லை.